பதினோராம் பொருத்தம்

என் மகனுக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது வந்த தீபாவளியை லாபிஸில், அத்தை வீட்டில் கொண்டாடினோம். அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. என் மாமியாரும் அவர்தான். அவருடைய மூத்த மகனைத்தான் நான் கட்டியிருக்கிறேன். அன்று காலையில் என் கொழுந்தன், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த அறையின் சன்னலுக்கு நேர் கீழே ஒரு முழுச் சரத்தைப் பற்றவைத்தான். தெருநாய்கள் ரயில் தண்டவாளம் தாண்டி ஓடின. எதிர்வீட்டுச் சீனர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார். என் மகன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

“பாரு லா, என்னா தைரியம்,” என்றார் அத்தை. “அப்படியே எங்கப்பா.”

முறுக்குத் தட்டோடு வந்திருந்த சொந்தங்கள் ஒவ்வொருவராக அறைக்குள் எட்டிப் பார்த்துப் பாராட்டினார்கள். சமத்து என்றார்கள், பெரிய ஆளாக வருவான் என்றார்கள். ஒரு வீடு நிறைய மனிதர்கள் கூடி நின்று ஒரு குழந்தைக்குக் காது கேட்காததை மெச்சினோம். மெச்சினோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாசிர் கூடாங்கில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். கட்டியில் ஈரம் கொஞ்சம் கூடினாலும், முத்திரை கோணினாலும், மூலை உடைந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அவற்றைத் தள்ளிவைப்போம். பெரும்பாலானவை மறுபடி அரைவைக்குப் போகும். கொஞ்சம் வேலையாட்களுக்கு வரும். மாசாயில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப்பேர் குளிப்பது இந்த ரிஜெக்ட் சோப்பில்தான். எங்கள் குளியலறையிலும் ஒரு பை நிறைய எப்போதும் தொங்கும். இவ்வளவு கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஒன்றரை வருடம் குருடாக இருந்தேன்.

எங்கள் தெருவில் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற மோட்டார் சைக்கிள்களுக்குக் குறைவில்லை. எதற்கும் அவன் திரும்பவில்லை. கூப்பிட்டாலும் திரும்பவில்லை. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்,” என்று அத்தை போனில் சொன்னார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. ஒரு நாள் கை தவறி ஒரு எவர்சில்வர் பானை அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. அவன் பொம்மை லாரியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே இன்னொரு முறை போட்டேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

இரண்டு காதும், பிறவியிலிருந்தே, என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

காரணம் சொல்ல எங்கள் சொந்தத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கிரகணத்தன்று நான் வெளியே போய்க் கொடியிலிருந்து துணி எடுத்தேனாம். அந்த வருடம் ஜொகூரில் கிரகணம் தெரிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. தொழிற்சாலை இரைச்சல் வயிற்றுக்குள் இறங்கிவிட்டதாம். என்னோடு அதே இரைச்சலில் நின்று பிள்ளை பெற்ற மூன்று பேரின் பிள்ளைகள் கூப்பிடுவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா, பாவம் புண்ணியம் பற்றி நான்கு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். கேட்காத பிள்ளையைப் பற்றிக் குரல் பதிவு அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அந்த மூளையைத்தான் நான் கும்பிட வேண்டும்.

அத்தை வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி அவன் நாக்கில் தடவினார். கெட்டது காது, மருந்து நாக்குக்கு. பிள்ளைக்குக் காது திறந்தால் லாபிஸ் கோவிலுக்கு வெண்கல மணி வாங்கிக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அதற்குள் பொறுமை போய், திறப்பதற்கு முன்பே கட்டியும் விட்டார். ஒரு மண்டலம் பார்க்கலாம், அதுவரைக்கும் ஆபரேசன் வேண்டாம் என்பது அவர் உத்தரவு. காதுக்குள் கருவி பொருத்துவது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் அம்மா சொல்லைத் தட்டமாட்டார். இந்தப் பேச்சுகள் நடக்கும்போதெல்லாம் அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், பயன்படுத்தத்தான் மாட்டார். நானும் காத்திருந்தேன். மணிச்சத்தம் சாமிக்குக் கேட்டிருக்கும். என் பிள்ளைக்கு இரண்டு மாதம் வீணாய்ப் போனது.

ஆபரேசன் முடிந்து, காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான வெளிக்கருவியை முதன்முதலாக ஒட்டிய நாளில் அவன் பயந்து அலறினான். சத்தம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை. அதற்கப்புறம் வாரம் தவறாமல் பேச்சுப் பயிற்சி, வீட்டில் தினமும் நானும் அவனும் கண்ணாடி முன்னால். ‘தண்ணி’ என்று சொல்ல நான்கு மாதம் ஆனது. அந்தக் கருவிக்கு அவனே ‘காது’ என்று பெயர் வைத்துக்கொண்டான். காலையில் எழுந்ததும் “ம்மா, என் காது எங்க?” என்று தேடுவான். பயிற்சி வகுப்பில் இன்னொரு பிள்ளையின் தாய் என்னைச் சைகை மொழியும் கற்றுக்கொள்ளச் சொன்னாள். ஞாயிறு வகுப்புக்குத் தான் போவதாகவும், கருவி கழற்றியிருக்கும் நேரத்துக்கு உதவும் என்றும் சொன்னாள். நான் அவளை மேலிருந்து கீழே பார்த்தேன். “என் புள்ளைக்கு எதுக்கு? அவன் கேப்பான், பேசுவான்,” என்றேன். அவள் அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. அவளைப் பார்த்தால் தோற்றுப்போனவள் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

அவன் கேட்டான், பேசினான். இப்போது ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. ஆனால் எங்கள் சொந்தங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான், “சாப்பிட்டானா?” என்று என்னிடம் கேட்பார்கள். “தூக்கம் வருதா இவனுக்கு?” என்பார்கள். அவன் தலைக்கு மேலே அவனைப் பற்றியே பேசுவார்கள், பாவம் என்பார்கள், இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்வார்கள். “அவன்கிட்டயே கேளுங்க. அவனுக்குக் காது கேக்கும்,” என்று எத்தனை விருந்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். மரியாதையாகச் சொன்னதில்லை. எனக்கு அவர்கள் மேல் இருந்தது கோபம்கூட இல்லை, இளக்காரம். அதை மறைத்துக்கொள்ள நான் மெனக்கெட்டதும் இல்லை.

அவனுக்கு நான்கு வயதாகும்போது மரபணுப் பரிசோதனைக்கு எங்கள் மூவரின் ரத்தமும் எடுத்தார்கள். முடிவு சொன்னவர் ஒரு சீன டாக்டரம்மா. மலாயும் ஆங்கிலமும் கலந்து, அவசரமில்லாமல் பேசுவார். அப்பாய்ன்மெண்ட் அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்தார். நான் அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். உடம்பில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சும்மா ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. அவற்றுக்கு நடுவே மிகச் சிறிய வழிகள் இருக்கின்றன. அந்த வழியைக் கட்டுவது கனெக்சின் என்ற புரதம். ஒரு செல் ஆறு கனெக்சினை வட்டமாகச் சேர்த்துத் தன் சுவரில் பாதி வழியைக் கட்டுகிறது. பக்கத்துச் செல்லும் அதேபோல் ஆறைச் சேர்த்து மீதிப் பாதியைக் கட்டுகிறது. இரண்டும் நேருக்கு நேர் பொருந்தினால்தான் முழு வழி. எங்கள் தொழிற்சாலையில் இரண்டு குழாய்களைச் சேர்க்கும் இடத்தில் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வட்டத் தகடு இருக்கும், இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து முடுக்குவோம். அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். அந்த வழியாக உப்புச்சத்தும் சின்னச் சின்னச் செய்திப் பொருள்களும் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும். எப்போதும் திறந்தே கிடக்காது. தேவைக்குத் திறக்கும், தேவைக்கு மூடும். ஒரு செல் கெட்டுப்போய் அதற்குள் கால்சியம் ஏறினால் வழி அடைத்துக்கொள்ளும், கேடு பக்கத்துக்குப் பரவாமல் இருக்க.

காதுக்குள்ளே, சத்தத்தை வாங்கும் செல்களுக்குள் பொட்டாசியம் பாய்கிறது. பாய்ந்தது அங்கேயே தேங்கினால் அவை தாங்காது. சுற்றியிருக்கும் செல்கள் அதை வாங்கி, கைமாற்றி கைமாற்றி, பழைய இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்கிறார்கள். அந்தக் கைமாற்றுக்கு வழி போடுவதில் முக்கியமானது கனெக்சின் 26. என் மகனுக்கு அதை எழுதித்தரும் மரபணுவின் இரண்டு படிகளும், அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும், பிழை. கெட்டது அது ஒன்றால்தானா, வேறு ஏதாவதும் சேர்ந்திருக்கிறதா என்று இன்னும் ஆராய்கிறார்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரு படி நல்லது, ஒரு படி பிழை,” என்றார். ஒரு படி நல்லதாக இருந்தால் போதும், காது கேட்கும். அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரிடமிருந்தும் பிழையானதே பிள்ளைக்கு வந்துசேர நான்கில் ஒரு வாய்ப்பு. பிறகு பேனாவை மூடிவிட்டு, நாங்கள் சொந்தமா என்று மெதுவாகக் கேட்டார். மாமன் மகள், அத்தை மகன் என்று என் கணவர் சொன்னார், வாழ்க்கையில் முதல் முறையாக என்னை முந்திக்கொண்டு.

காஹாங் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த எங்கள் தாத்தா பாட்டி இருவரில் யாரோ ஒருவரிடம் அந்தப் பிழை இருந்திருக்கிறது. அத்தைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று பங்கு போயிருக்கிறது. வெளியே கட்டியிருந்தால் எங்கேயோ கரைந்து போயிருக்கும். சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று பிடிவாதமாக இரண்டையும் தேடிச் சேர்த்துவைத்தார்கள். எனக்கும் அதில் சம்மதம்தான், யாரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

இதை அத்தையிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல,” என்றார்.

எந்தப் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் கூடப்பிறந்த தம்பிதான் என் அப்பா. அவர் பக்கமும் என் பக்கமும் ஒரே லயத்து வீட்டில் ஒரே பாயில் தொடங்கியவை. அதைச் சொன்னதும், “அப்ப நான் என் பேரனுக்கு வெஷம் வெச்சேன்னு சொல்றியா?” என்று அழ ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களுக்கு விசேஷங்களுக்கு அழைப்பே இல்லை. கெட்ட செல்லைக் கண்டால் பக்கத்துச் செல் வழியை அடைத்துக்கொள்கிறது என்று டாக்டரம்மா சொன்னாரே, அந்த அறிவு மட்டும் எங்கள் சொந்தத்துக்கு அமோகமாக இருந்தது.

அந்த அடைப்பைத் திறந்தது என் தங்கை. அவளும் என் கொழுந்தனும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். அக்காள் தங்கையை அண்ணன் தம்பி கட்டுவது எங்களில் புதிதல்ல. அத்தைக்கு வாயெல்லாம் பல். விட்ட சொந்தத்தை மறுபடி முடுக்க இதைவிட நல்ல வழி ஏது. அந்த ஒரு வருடத்தை மறந்து எனக்கே போன் செய்து சிரித்தார்.

என் தங்கை சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடியுமுன் பாலத்தைக் கடந்து போய்விட்டு இருட்டிய பிறகு வருவாள். லீவு நாளில் என் மகனைப் பேச்சுப் பயிற்சிக்கு அவள்தான் கூட்டிப்போவாள். அவளுக்கு எல்லாம் தெரியும். “ரெண்டு பேரும் ரத்தம் மட்டும் குடுத்துப் பாருங்க, அப்புறம் என்ன வேணா பண்ணுங்க,” என்றேன். அத்தை ஒத்துக்கொண்டால் கொடுக்கிறோம் என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பிள்ளையோடு அத்தனை மணி நேரம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவள், ஒரு ஊசி குத்திக்கொள்ள அத்தையின் முகத்தைப் பார்க்கிறாள். நான் பட்டதை அவள் படக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஜாதகம் பார்த்தாகிவிட்டது. ஜோசியர் லேப்டாப்பில் பிறந்த நேரத்தைத் தட்டிவிட்டு, பிரிண்டரில் இரண்டு பக்கம் எடுத்துக் கொடுத்திருந்தார். பத்துக்கு ஒன்பது பொருத்தம். தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று வரிசையாக டிக் அடித்திருந்தது. எங்கோ வானத்தில் சுற்றுகிற செவ்வாயின் குணம் இவர்களுக்கு அத்துப்படி. தங்கள் தோலுக்கு ஒரு விரல் ஆழத்தில் ஓடுகிற ரத்தத்தைப் பற்றிக் கேட்டால் அபசகுனம்.

கல்யாணம் பேசி முடிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லாபிஸில் கூடினோம். என் அப்பா, அத்தை, மாப்பிள்ளைப் பையன், என் தங்கை, நாங்கள், அப்புறம் சாட்சிக்கு நான்கைந்து சொந்தங்கள். என் மகன் நாற்காலிக்குப் பின்னால் தரையில் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசினால் அந்தக் கருவி வழியாக அவனுக்கு எதுவும் தெளிவாக வராது, ஒரே இரைச்சலாக இருக்கும். எனக்கு அது தெரியும். அதனால்தான் அவனை வெளியே அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தை ஜாதகத் தாளைத் தட்டில் வெற்றிலைக்கு மேலே வைத்தார். “பத்துல ஒம்போது. இதுக்கு மேல என்ன வேணும்?”

“பதினொண்ணாவது ஒண்ணு இருக்கு அத்தை,” என்றேன். “ரத்தம்.”

“நல்ல நாள்ல ஏன்மா இந்தப் பேச்சு,” என்றார் அப்பா. வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவரிடம் எப்போதோ நின்றுவிட்டது.

“அண்ணி, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது,” என்று கொழுந்தன் சிரித்தான்.

“எனக்கும் உங்கண்ணனுக்கும்கூட நல்லாத்தான் கேக்குது. அதுக்கு என்ன இப்ப?”

“சாமி குடுக்கறத யாரு தடுக்க முடியும்,” என்றார் அத்தை. உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் சொந்தத்தில்தானே கட்டினார்கள் என்றார் ஒருவர். ஊசி போட்டு ரத்தம் எடுத்தால் பொண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும் என்றார் இன்னொருவர். இப்போதெல்லாம் மெஷின் வந்துவிட்டது, பிறந்தாலும் மாட்டிக்கொள்ளலாம், சூசா இல்லை, ஒரு கஷ்டமும் கிடையாது என்று ஒரு பெண்மணி எனக்கு ஆறுதல் சொன்னாள். கண்ணாடிக்கு முன்னால் நான்கு மாதம் ‘தண்ணி’ சொல்லிக்கொண்டிருந்தவளிடம் சூசா இல்லையாம். என் கணவரைப் பார்த்தேன். அவர் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். “கொஞ்சம் வாய மூடுங்க எல்லாரும்,” என்று கத்தினேன். மூடினார்கள். வீடே சத்தமில்லாமல் போனது. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

“எங்க பேக்டரில ஒரு பேட்ச் ரிஜெக்ட் வந்துச்சுன்னா, ஏன் வந்துச்சுன்னு பாக்காம அடுத்த பேட்ச ஓட்ட மாட்டோம். சோப்புக்கே அவ்வளவு பாக்கறோம்,” என்றேன். “ஒண்ணு வந்தது போதாதா நம்ம வீட்டுக்கு?”

அத்தை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சரியான இடத்தில் குத்திவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என் தங்கை, “நான் ரத்தம் குடுக்கறேன்க்கா,” என்றாள். கொழுந்தன் அவளைப் பார்த்தான், தலையை ஆட்டினான். ஜெயித்துவிட்டேன்.

அந்த வெற்றியின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வர இரண்டு மாதம் பிடித்தது. என் தங்கையிடம் அந்தப் பிழை இருந்தது. கொழுந்தனிடம் இல்லை. அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு இந்தக் காரணத்தால் காது போகாது. அத்தை சாவகாசமாக, “நான்தான் அப்பவே சொன்னேனே, பத்துல ஒம்போதுன்னு,” என்றார். ஜோசியருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்களாம். கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர்களை நினைத்து நான் ஒரு வாரம் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு முடியவில்லை. நெடுஞ்சாலையில் வரும் வழியெல்லாம் காடியின் பின்சீட்டில் மகன் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன். முன்சீட்டில் நான் கணவரிடம் ஒவ்வொருவர் பேசியதையும் அவர்கள் குரலிலேயே பேசிக்காட்டிக்கொண்டு வந்தேன். வழியில் நிறுத்தி ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டபோது சன்னலைப் பார்த்தபடி வேண்டாம் என்றான். அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனான். காதைக் கழற்றித் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தான். தண்ணீர் படக்கூடாது என்பதால் குளிக்கும்போது அது கிடையாது. வழக்கமாகச் சோப்புப் பையைக் கவிழ்த்து அவன் ஒரு விளையாட்டு நடத்துவான். ஒவ்வொரு கட்டியையும் எடுத்து அதில் என்ன தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எழுத்துக் கோணல், நிறம் திட்டு, மூலை போச்சு. என் வேலையை அவனுக்கு அப்படித்தான் விளக்கியிருந்தேன். அன்றைக்குப் பையைக் கவிழ்க்கவில்லை. கையை விட்டு ஒன்றை எடுத்தான். மூலை உடைந்த கட்டி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ம்மா, நான் ரிஜெக்ட்டா?”

காது இல்லாதபோது அவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. பக்கத்து வீட்டுக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாகக் கேட்டான்.

கூட்டம் முழுவதும் அவனுக்கு இரைச்சல். நான் எல்லாரையும் வாயை மூடச்சொல்லிவிட்டு, துல்லியமாக, ஒரு வார்த்தை பிசகாமல் கேட்கும்படி அந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் காது கேட்கும் என்று இத்தனை வருடமாக ஊரெல்லாம் சண்டை போட்டவள் நான். அந்த வீட்டில் இருந்த அத்தனை முட்டாள்களும் அவன் தலைக்கு மேலேதான் பேசினார்கள். அவன் மேலே எறிந்தவள் நான் ஒருத்திதான். அத்தையையும் ஜோசியரையும் அந்தக் குரல் பதிவு மாமாவையும் நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அத்தனையும் மொத்தமாக என் பக்கம் திரும்பியது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் போதாது.

ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். இல்லடா, இல்லவே இல்லடா என்றேன். அம்மா தப்பாப் பேசிட்டேன் என்றேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுததில் உதடு கோணி, அதிலிருந்தும் அவனுக்கு எதுவும் கிடைத்திருக்காது. கையால் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. ‘இல்லை’ என்பதற்குக்கூட. அந்தத் தாய் ஞாயிறு வகுப்பில் இதைத்தான் கற்றுக்கொண்டிருந்திருப்பாள். என் பங்குப் பாதியை நான் கட்டவே இல்லை.

அவன் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தான். பிறகு என் தோளைத் தட்டினான்.

“அப்புறம் சொல்லுங்க ம்மா. இப்பக் கேக்காது,” என்று சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, தேய்த்துவிடச் சொல்லி அந்த மூலை உடைந்த சோப்பை என்னிடம் நீட்டினான்.